மச்சானுக்குக் கொடுத்த வாக்கு

சிலாஸ் மொனாகி சுரங்கக் கம்பெனியில் நிலம் அளக்கிறவராக இருந்தார். பிற்காலத்தில் எங்கள் தீவுக்கு முதல் தளபதியும் முதல் ஜனாதிபதியும் ஆகப்போகிறவர் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் அவரே சிரித்திருப்பார். அதிகம் பேசமாட்டார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பாட்டு வரும்போது உதட்டை மட்டும் அசைப்பார்.

தவுரா மலையில் தங்கம் எடுக்க வெட்டிய குழி வருஷத்துக்கு வருஷம் அகலமாகிக்கொண்டே போனது. அடுத்து எங்கே வெட்ட வேண்டுமோ அங்கே முன்கூட்டியே சிவப்புக் குச்சி நட்டுவிட்டு வருவதுதான் அவர் வேலை. அப்படி ஒருநாள் கம்பெனி வரைபடத்தில் குறித்துக் கொடுத்த இடம் அவருடைய அம்மாவின் சேம்புத் தோட்டமாக இருந்தது. எங்களிடம் நிலம் பெண்களுடையது; அம்மாவிடமிருந்து மகளுக்குப் போவது. அம்மா இறந்த பிறகு தோட்டம் தங்கை நெராவியுடையதாகியிருந்தது. சிலாஸ் இரண்டு நாள் தள்ளிப்போட்டுப் பார்த்தார். மூன்றாவது நாள் போய் நட்டுவிட்டார்.

சாயங்காலம் நெராவி அத்தனை குச்சிகளையும் பிடுங்கிக் கூடையில் போட்டுக்கொண்டு வந்து அவர் காலடியில் கொட்டினாள்.

"அண்ணே, இதெல்லாம் யாரு நட்டது?"

"கம்பெனி."

"கம்பெனிக்குக் கையிருக்கா? சாயம் உன் கையிலல்ல ஒட்டியிருக்கு."

அவர் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். நெராவியின் புருஷன் ஒபெத் பிராயே வேலியில் சாய்ந்து பாக்கு மென்றுகொண்டிருந்தான். ஒபெத்தை யாரும் 'அவர்' என்று சொன்னதில்லை. சொன்னால் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பான்.

"விடு நெராவி," என்றான். "மச்சானுக்கு நடத் தெரியும். பிடுங்கத் தெரியுமான்னு பார்ப்போம்."

மறுவாரம் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுபோன கோபுரங்களில் மூன்று சாய்ந்தன. வெடிமருந்து வைத்திருந்த கிடங்கின் சாவி எங்கே தொங்கும், காவல்காரன் எப்போது சாப்பிடப் போவான் என்பதெல்லாம் சிலாஸுக்குத்தான் தெரியும். கூடப் போனது ஒபெத்தும் இன்னும் நாலைந்து பேரும். போர் என்று யாரும் அன்றைக்கு நினைக்கவில்லை. கம்பெனிக்காரர்கள் பயந்து வந்து பேசுவார்கள் என்றுதான் எதிர்பார்த்தார்கள். பேச யாரும் வரவில்லை. எங்களை ஆண்டுகொண்டிருந்த பெரிய நாட்டின் ராணுவம்தான் கப்பல் கப்பலாக வந்து இறங்கியது.

அதன் பிறகு ஒன்பது வருஷம். கடற்கரைக் கிராமங்களை எரித்தார்கள். தீவைச் சுற்றிப் படகுகளை நிறுத்தி உப்பு, சோப்பு, மருந்து எதுவும் உள்ளே வராமல் தடுத்தார்கள். நாங்கள் மலைக்கு ஏறினோம். தேங்காய் எண்ணெயில் என்ஜின் ஓட்டினோம். தண்ணீர்க்குழாயை அறுத்துத் துப்பாக்கி செய்தோம். அதற்கெல்லாம் அளவு சொல்லிக் கொடுத்தவர் சிலாஸ். எந்தப் பள்ளத்தாக்கு எங்கே போய் முட்டும், எந்த ஆற்றை எந்த மாதத்தில் நடந்தே கடக்கலாம் என்பது மனப்பாடமாக இருந்ததால் எதிரி எப்போதும் தவறான கரையிலேயே நின்றான். தளபதி என்று யாரும் அவருக்குப் பட்டம் சூட்டவில்லை. ஆளுக்காள் சந்தேகம் வந்தபோது அவர் முகத்தைப் பார்த்தார்கள். அதுவே வழக்கமாகிவிட்டது.

நாலாவது வருஷம் வலேக்கா ஆற்றங்கரையில் அவர் தொடையில் குண்டு பாய்ந்தது. ஆறு பொங்கிக்கொண்டிருந்தது. ஒபெத் அவரை மூட்டையைப் போலத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். கழுத்தளவு தண்ணீரில் மூச்சு வாங்கிக்கொண்டே திட்டினான்.

"விடுதலை வந்ததும் முதல் சட்டமா இதை எழுது. மச்சான்னு ஒருத்தன் இருந்தா ஒல்லியாத்தான் இருக்கணும்."

"என்னை விட்டுட்டுப் போடா."

"விட்டுட்டுப் போனா உன் தங்கச்சி எனக்குச் சோறு போடுவாளா? சும்மா கிட."

அவர் அந்தக் காயத்தோடு குகையில் கிடந்த நாட்களில்தான் அவருடைய மனைவி செலேமாவுக்குப் பிரசவ வலி கண்டது. ரத்தப்போக்கு நிற்கவில்லை. நிறுத்தும் ஊசி கடலுக்கு அந்தப் பக்கம், ஒரு பகல் படகுப் பயணத்தில் இருந்தது. தாயும் போனாள், பிள்ளையும் போனது. நெராவிதான் இருவரையும் ஒரே பாயில் சுற்றினாள். செய்தி கேட்ட சிலாஸ் அழவில்லை. மறுநாள் கம்பை ஊன்றிக்கொண்டு எழுந்து அடுத்த தாக்குதலுக்கு மண்ணில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். ஒபெத் அதைப் பார்த்துவிட்டு அன்று முழுதும் ஒரு கேலியும் பேசவில்லை.

கடைசியில் பெரிய நாடு சலித்துப்போய்க் கிளம்பியது. கொரோபே நகரத்து மைதானத்தில் எங்கள் கொடி ஏறியது. சிலாஸை ஜனாதிபதி என்று அறிவித்தபோது கூட்டம் போட்ட சத்தத்தில் மைதானத்து மரங்களில் இருந்த வௌவால்களெல்லாம் பகலில் பறந்தன. அவருக்கு யாரோ கோட்டு இரவல் கொடுத்திருந்தார்கள். கை நீளம் போதவில்லை. ஒபெத் மேடைக்குக் கீழே நின்று, "மச்சான், கோட்டு உனக்குத் தம்பியா?" என்று கத்தினான். ஜனாதிபதி சிரித்துவிட்டார். அவர் பல் தெரியச் சிரித்த படம் அது ஒன்றுதான். இன்றைக்கும் எல்லா அலுவலகச் சுவர்களிலும் தொங்குகிறது.

நாடு வந்தது. நாட்டில் வேறெதுவும் இல்லை. பள்ளிக்கூடங்களுக்குக் கூரை இல்லை. போராளிகளாக இருந்தவர்கள் துப்பாக்கியை வைத்துக்கொண்டு சாலையை மறித்துப் பன்றியும் கோழியும் பிடுங்கினார்கள். சிலாஸ் வெளிநாடுகளுக்குப் போனார். எல்லா இடத்திலும் கை குலுக்கினார்கள், விருந்து வைத்தார்கள், பிறகு தவுரா மலையைப் பற்றிக் கேட்டார்கள். முதல் இரண்டு வருஷம் அவர் அந்தப் பேச்சு வந்ததும் எழுந்து வந்துவிட்டார்.

மூன்றாவது வருஷம் கொரோபே ஆஸ்பத்திரியைப் பார்க்கப் போனார். பிரசவ அறை வராந்தாவில் ஒரு பெண்ணைப் பாயில் சுற்றி வைத்திருந்தார்கள். ஊசி இல்லை என்றார் நர்ஸ். ஜனாதிபதி அந்தப் பாயின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். கூட வந்தவர்கள் எழுப்பப் பார்த்தார்கள், எழவில்லை. இருட்டும் வரை உட்கார்ந்திருந்தார். அடுத்த மாதம் ஒரு புதிய கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார். குழியைத் திரும்பத் திறக்க.

நெராவி நகரத்துக்கு வந்தாள். மாளிகை வாசலில் காவலர்கள் அவளைத் தடுக்கவில்லை. எல்லோரும் அவள் கையால் போர்க்காலத்தில் சாப்பிட்டவர்கள்.

"திரும்பவும் குச்சி நடப் போறியா?"

"வேற மாதிரி செய்வோம் நெராவி. இந்தத் தடவை பணம் நம்ம கைக்கு வரும். ஆஸ்பத்திரி வரும்."

"செலேமாவ நெனச்சுத்தான் செய்யுறேன்னு எனக்குத் தெரியும்ணே. ஆனா அவ எதுக்குச் செத்தா? இந்தக் குழிய மூடத்தானே?"

அவளுக்குச் சாப்பாடு வரவழைத்தார். அவள் தொடாமல் ஊருக்குப் போனாள்.

அவள் சொன்னதைக் கேட்டதும் ஒபெத் கோடரியை எடுத்தானாம். பழைய ஆட்களைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போகும் சாலையில் மரங்களை வெட்டிப் போட்டான். புதிய கம்பெனியின் வண்டிகள் கடற்கரையிலேயே நின்றன. மழை வந்து போனது, வெயில் வந்தது, வண்டிகளின் சக்கரங்களில் கொடி படர்ந்தது. எங்கள் ராணுவத்துக்குத் தலைவராயிருந்த கர்னல் லூகன் பாத்தே, சிலாஸே காட்டில் வளர்த்தெடுத்த ஆள், தாக்கிப் பிடித்துவிடலாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சிலாஸ் கேட்கவில்லை. காவல் யாரும் வேண்டாம் என்று தனியாக அந்தத் தடுப்புக்கு நடந்து போனார்.

ஒபெத் வெட்டிப்போட்ட ஒரு மரத்தின்மேல் உட்கார்ந்திருந்தான். சிலாஸ் மூச்சு வாங்க ஏறி வருவதை மேலேயிருந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

"என்ன மச்சான், ஷூ போட்டுக்கிட்டு மலை ஏறுறே? மண்ணு மேல கோபமா?"

"தண்ணி குடு முதல்ல."

குடுக்கையை நீட்டினான். அவர் குடித்து முடித்ததும் பாக்கும் சுண்ணாம்பும் எடுத்துப் பங்கு வைத்தான். இருவரும் கொஞ்ச நேரம் மென்றார்கள்.

"ஊசி இல்லாம பொம்பளைங்க சாகுறாங்கடா," என்றார் சிலாஸ்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா மறிக்கிறே?"

"மருந்து எனக்கும்தான் வேணும். அதுக்குக் குழிதான் வழியா?"

"வேற வழி இருந்தா நீ சொல்லு. இப்பவே கேட்டுக்கறேன்."

ஒபெத் பாக்கைத் துப்பினான். "எனக்குத் தெரியாது மச்சான். வழி தெரியாதவங்கதானே நாங்க. அதனாலதானே உன்னத் தலைவனாக்கினோம்."

சிலாஸ் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு இருவரும் உண்மையாகவே பேச ஆரம்பித்தார்கள். குழியின் கிழக்குப் பக்கத்தை, தோட்டங்கள் இருக்கும் பக்கத்தை, தொடுவதில்லை. ஆற்றில் கழிவு விடுவதில்லை. மலைப் பெண்கள் ஒப்புக்கொள்ளாமல் ஒரு அடி அகலப்படுத்துவதில்லை. இதையெல்லாம் எழுதி, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வலேக்கா பாலத்துப் பக்கத்துக் கோயிலில் எல்லோர் முன்னாலும் கையெழுத்துப் போடுவது என்று முடிவானது.

"துப்பாக்கி எடுத்து வரக்கூடாது," என்றார் சிலாஸ்.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் யாரு நிப்பா?"

"நான் நிப்பேன்."

"நீ நின்னா வர்றேன். வேற எவன் நின்னாலும் வரமாட்டேன்."

"நான்தான் நிப்பேன்னு சொல்றேன்ல."

சிலாஸ் இறங்கத் தொடங்கியபோது ஒபெத் பின்னாலிருந்து, "வழுக்கினா கூப்பிடு, தூக்கிக்கிட்டுப் போறேன்," என்றான்.

ஞாயிறு காலை மழை பிடித்துக்கொண்டது. ஜனாதிபதியின் வண்டி பாதி வழியில் நிறுத்தப்பட்டது. முன்னால் மண் சரிந்திருக்கிறது, அள்ளிக்கொண்டிருக்கிறோம் என்று கர்னலின் ஆட்கள் சொன்னார்கள். அவர் நம்பினார். அந்தத் தீவின் ஒவ்வொரு சரிவையும் அளந்தவர், அந்த இடத்தில் மண் சரியாது என்று தெரிந்தவர், மடியில் கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தை வைத்துக்கொண்டு நம்பினார். பாலத்துப் பக்கமிருந்து வெடிச்சத்தம் கேட்டதும் கதவைத் திறந்துகொண்டு ஓடினார். வழியில் மண் சரிந்திருக்கவில்லை.

ஒபெத் பாலத்தின் நடுவில் குப்புறக் கிடந்தான். பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டை. தோள்பையில் பாக்கு, சுண்ணாம்பு, வாழையிலையில் கட்டிய சுட்ட கிழங்கு. அந்தப் பக்கத்துக் கரையில் ராணுவத் தொப்பி ஒன்றை முகம் மறையப் போட்டுக்கொண்டு, ஜனாதிபதியின் உயரத்தில் யாரோ ஒருவன் நின்றிருந்தானாம். மழையில் அதைப் பார்த்துத்தான் ஒபெத் கையசைத்துக்கொண்டே நடந்து வந்திருக்கிறான். பின்னால் வந்த இருவர் ஆற்றில் குதித்துத் தப்பியதால் எங்களுக்கு இது தெரிந்தது.

சிலாஸ் அவனைத் தூக்கப் பார்த்தார். முடியவில்லை.

கர்னல் லூகன் குடை பிடித்துக்கொண்டு வந்து நின்றார். "உள்ள வாங்க சார். பேசணும்."

கோயிலுக்குப் பின்னாலிருந்த சாமியாரின் அறையில் பேசினார்கள். கர்னல் குரலை உயர்த்தவே இல்லை.

"என்னக் கைது பண்ணணும்னா பண்ணுங்க. ஆனா ராணுவம் உங்க பேச்சக் கேக்காது. மலைக்காரங்க இறங்கி வருவாங்க, பசங்க சுடுவாங்க. நாடு ரெண்டாகும். சண்டைய நிறுத்த வர்றோம்னு சொல்லிக்கிட்டு பெரிய நாட்டுக் கப்பல் ரெண்டே நாள்ல இங்க நிக்கும். ஒன்பது வருஷம் வீணாப் போகும். ஒபெத் முதல்ல சுட்டான்னு நீங்க ஒரு வார்த்தை ரேடியோவில சொன்னா, மலைக்காரங்க நம்புவாங்க. நீங்க சொன்னா மட்டும்தான் நம்புவாங்க."

"அவன் கையில ஒண்ணும் இல்லடா."

"தெரியும் சார்."

அன்று மாலை தீவு முழுக்க ரேடியோவின் முன்னால் உட்கார்ந்திருந்தது. ஜனாதிபதியின் குரல் தெளிவாக இருந்தது. 'ஒபெத் பிராயே ஆயுதத்தோடு வந்தார். முதலில் சுட்டவர் அவர். இதைச் சொல்ல எனக்கு மிகவும் வருத்தமாயிருக்கிறது. அமைதியாக இருங்கள்.' மக்கள் அமைதியாக இருந்தார்கள். சாலைத் தடுப்பு தானாகவே கலைந்தது. நாடு இரண்டாகவில்லை.

நெராவி புருஷனின் உடம்பைக் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ரேடியோவில் அதைக் கேட்டாள். கழுவுவதை நிறுத்தவில்லை என்கிறார்கள்.

குழி திறந்தது. கிழக்குப் பக்கம் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. அந்தக் காகிதத்தில் கையெழுத்தே விழவில்லையே. ஆஸ்பத்திரி வந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஊசி வந்தது. ஒரு வருஷம் இருந்தது. பிறகு ஊசிக்கான பணம் ராணுவத்துக்கு வண்டி வாங்கப் போயிற்று.

எங்கள் வழக்கப்படி ரத்தம் சிந்தவைத்தவன் பன்றியும் சங்குமாலையும் கொண்டுபோய், இறந்தவரின் வீட்டார் முன்னால் அம்பை ஒடித்து மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர்கள் கொடுக்கும் பாக்கை வாங்கி மென்றால் பகை தீர்ந்தது. ஒரு வருஷம் கழித்து சிலாஸ் போனார். ஏழு பன்றி கொண்டுபோனார். ஊரே கூடியிருந்தது. நெராவி வாசலில் வந்து நின்றாள். அவர் அம்பை ஒடித்தார். முதல் தடவை ஒடியவில்லை.

"எதுக்கு இது?" என்று கேட்டாள்.

"ஒபெத்துக்கு."

"அவன்தான் முதல்ல சுட்டானே. அப்ப நான்ல உனக்குப் பன்னி கொண்டு வரணும்?"

ஒடிந்த அம்பு அவர் கையிலேயே இருந்தது.

"நெராவி..."

"பொய்ய ஊருக்கெல்லாம் கேக்கச் சொன்னே. நெசத்த என் வாசல்ல மட்டும் சொல்ல வந்திருக்கே. எங்க சொன்னியோ அங்க போயிச் சொல்லு. அப்புறம் வா. பன்னியே வேணாம், வெறுங்கையோட வா."

பன்றிகளைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போனார்கள். வழியெல்லாம் அவை கத்தின.

அதன் பிறகு அவர் ஆள் ஒடுங்கிப்போனார். சாப்பிட உட்கார்ந்தால் எழ மறந்துவிடுவார். காகிதங்களைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். கர்னல் சொன்ன எல்லாவற்றிலும் போட்டார். நாங்கள் அவரைத் திட்டத் தொடங்கியிருந்தோம். குடிசையில் திட்டிவிட்டு, தெருவில் அவர் படம் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு ஊர்வலம் போனோம். இந்த நாடு அவர் இல்லாமல் இல்லை என்று பிள்ளைகளுக்குப் பாடத்தில் இருந்தது. அது உண்மையும்கூட. அதுதான் அவரைப் படுத்தியது என்று நினைக்கிறேன். நாட்டைத் தூக்கி எறியாமல் அந்தப் பொய்யைத் தூக்கி எறிய வழி தெரியவில்லை அவருக்கு.

பத்தாவது விடுதலை நாளன்று அவர் மைதானத்தில் பேச எழுந்தார். எழுதிக் கொடுத்ததை மடித்துப் பையில் வைத்தார். "ஒபெத் பிராயே கையில துப்பாக்கி இல்ல," என்றார். "நான் பாலத்துல நிப்பேன்னு சொல்லியிருந்தேன். நிக்கல. அப்புறம் ரேடியோவில பொய் சொன்னேன். அவன் சுடல. அவன் என்னப் பார்த்துக் கையசைச்சான்."

முன்வரிசையில் இருந்தவர்கள்தான் இதைக் கேட்டார்கள். முதல் வாக்கியத்திலேயே ஒலிபெருக்கியை அணைத்துவிட்டார்கள். ரேடியோவில் வாத்திய இசை போய்க்கொண்டிருந்தது. பின்னால் இருந்த ஜனங்கள், பெரியவர் வாயை அசைப்பதைப் பார்த்து, வழக்கமான பேச்சுத்தான் என்று நினைத்துக் கை தட்டினார்கள். தட்டிய சத்தம் அவர் குரலை முழுதுமாக மூடிவிட்டது. இருவர் வந்து கைத்தாங்கலாக அவரை இறக்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் செய்தி வந்தது: ஜனாதிபதிக்கு மூளையில் காய்ச்சல், ஓய்வில் இருக்கிறார், கர்னல் பொறுப்பேற்றிருக்கிறார். முன்வரிசையில் இருந்தவர்கள் பெரிய பதவிக்காரர்கள். காய்ச்சலில் உளறினார் என்று அவர்களும் சொன்னார்கள். சிலர் அதை நம்பவும் செய்தார்கள்.

துறைமுகத்துக்கு மேலே ஒரு வீட்டில் அவரை வைத்திருந்தார்கள். மூன்று வருஷத்தில் ஒரே ஒரு முறை நெராவியைப் பார்க்க விட்டார்கள். அவள் கிழங்கு கொண்டுபோயிருந்தாள். காவலர் அதைக் குத்திப் பார்த்துவிட்டு உள்ளே அனுப்பினார்கள்.

"சொல்லிட்டேன் நெராவி," என்றார் அவர், அவள் உட்காருவதற்கு முன்னாலேயே. "மைதானத்துல. எல்லார் முன்னாலயும்."

அவளுக்கு அது புதிய செய்தி. அவர் முகத்தையே பார்த்தாள். பல் போய், கன்னம் ஒட்டி, ஒரு கிழட்டு மனுஷன்.

"யாருமே சொல்லலியேண்ணே எங்கிட்ட."

"கை தட்டினாங்களே. கேட்டுச்சு எனக்கு."

அவர் கையை நீட்டினார், பாக்குக்காக. அவளிடம் பாக்கு இருந்தது. வாசல் காவலர் பிடுங்கியிருக்கவில்லை. அவர் சொல்வது நடந்ததா, காய்ச்சலில் கண்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வெளியில் ஒருவரும் இல்லை. கிழங்கைத் தோலுரித்துச் சிறு துண்டாக்கி அவர் கையில் வைத்தாள். அவர் அதையே மென்றார். நேரம் முடிந்தது என்று காவலர் வந்தார்.

"அடுத்த தடவ பாக்கு கொண்டாரேன்," என்றாள். அடுத்த தடவைக்கு அனுமதி கிடைக்கவில்லை.

மழைக்காலத்தில் அவர் இறந்தார். மைதானத்திலேயே புதைத்து, மேலே சிமெண்டுப் பீடம் கட்டி, பீரங்கி வெடித்தார்கள். கர்னல் அழுதுகொண்டே பேசினார். அழுகை பொய்யில்லை என்றுதான் எனக்குப் பட்டது. நெராவி வரவில்லை. அழைப்புக் கொண்டுபோன அதிகாரியிடம், கடைசி நேரத்தில் அண்ணன் பக்கத்தில் யாராவது இருந்தார்களா என்று மட்டும் கேட்டாளாம். காவல்காரர்கள் இருந்தார்கள் என்று அவர் சொன்னாராம்.